கையெழுத்து வாங்காத புகார்

மார்ச் 3

அன்புள்ள பாப்பா,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். தபால்காரரைத் தடுக்க முடியாதே, அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. நீ என்னோடு பேசாமல் இருப்பதும் அன்றிலிருந்துதான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான் கதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே, உன் அண்ணி ஏற்கெனவே வேண்டிய அளவு சிரித்துவிட்டாள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவனாகச் சேர்ந்து கிளை மேலாளராக வந்தவன் நான். மூளையால் வரவில்லை, பழக்கத்தால் வந்தேன். நேரத்துக்குப் போய் நிற்பேன், தொட்டதை முடிப்பேன், குறை சொல்கிறவரைத் தேடிப் போய்க் கேட்பேன். அதே பழக்கங்களை எழுத்துக்கும் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஆபீசுக்குக் கிளம்பும் முன் தினம் ஒரு பக்கம் எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் எனக்கு நானே கூட்டம் வைத்துக்கொண்டு, இந்த வாரம் எது தேறியது, எது தேறவில்லை என்று கேட்டுக்கொள்கிறேன். உன் அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "எதிர்ல ஆளே இல்லையே, யாரை விரட்டிட்டு இருக்கீங்க?" என்றாள்.

ஆபீசில் நான் முன்னுக்கு வந்ததற்குக் காரணம், என்னைவிட விஷயம் தெரிந்த ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்ததுதான். எழுத்தில் எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஒரே ஆள் நீ. பதிப்பகத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஊரார் நாவல்களைத் திருத்துகிறாய். கூடப் பிறந்தவன் கதை ஒன்றையும் திருத்து. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு முதியவரைப் பற்றியது, இத்துடன் வைத்திருக்கிறேன். தாட்சண்யம் பார்க்காதே.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 19

அண்ணனுக்கு,

எனக்கு நாற்பத்தாறு வயது. பாப்பா என்று எழுதாதே.

பதில் போடுவதாகவே இல்லை. வீட்டுக்காரர்தான் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, "உங்கண்ணன் கதையெல்லாம் எழுதுறாராம், பரவால்லயே" என்றார். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கதை சகிக்கவில்லை. உன் கிழவர் முக்கால் மணி நேரம் இருட்டுப் பெட்டிக்குள் நிற்கிறார். கதவு திறந்ததும் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் சேவைக்கு மிக்க நன்றி" என்கிறார். எந்தக் கிழவர் அப்படிச் சொல்வார்? எழுபத்தைந்து வயது மனிதருக்குச் சிறுநீர்ப்பை இருக்குமா இருக்காதா? வியர்க்காதா, பயத்தில் வாய் நாறாதா? ஃபினாயில் ஊற்றித் துடைத்த தரை மாதிரி இருக்கிறது கதை. உன் ஆட்கள் எல்லோரும் ஏதோ கூட்டம் முடிந்து வெளியே வருகிறவர்கள் மாதிரியே பேசுகிறார்கள். யாருக்கும் யார் மேலும் கோபமே இல்லை.

நேரத்துக்கு உட்கார்ந்தால் எழுத்து வந்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது? நீ எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு டார்கெட் போட்டு, அதன் உயிரை எடுத்துவிட்டுத்தான் கீழே வைப்பாய். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதையும் உன் சனிக்கிழமைக் கூட்டத்தில் வைத்துப் பேசிக்கொள்.

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

பாப்பாவை விட்டுவிட்டேன். முதல் குறை சரியாகிவிட்டது.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். "இந்தத் திட்டுத் திட்டியிருக்கா, நீங்க என்னடான்னா சிரிச்சிட்டு இருக்கீங்க" என்றாள் உன் அண்ணி. திட்டுகிற வாடிக்கையாளர் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி. ஒன்றும் சொல்லாமல் வேறு கம்பெனிக்குப் போகிறவர்தான் ஆபத்தானவர் என்று அவளுக்கு விளக்கினேன். கேட்டாளா தெரியவில்லை.

நீ சொன்னது முழுக்கச் சரி. கிழவர் இப்போது லிஃப்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். கதவு திறந்ததும் பையை முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடக்கிறார். மெக்கானிக் தரையைத் துடைக்கிறான். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் இருந்த இரண்டு பக்கத்தை வெட்டிப் போட்டுவிட்டேன். வெட்டும்போது வலித்தது, ஆனால் வெட்டினேன்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற ஒரு பேங்க் கேஷியர், இன்னும் நாலைந்து பேர். மாதம் ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டுக் கதையைப் படித்துக் காட்டுகிறேன். ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுவேன். தூக்கம் வந்த இடத்தில் ஒரு கோடு, அழுகை வந்த இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். கேஷியர் முதல் பக்கத்திலிருந்தே கோடு போடுகிறார், உபயோகமான மனிதர்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லிஃப்ட் ஓடிவிட்டது என்பதற்காகப் புகார் முடிந்துவிடாது. புகார் கொடுத்தவர் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் முடிந்தது. போன வருடம் ஒரு மெக்கானிக், நல்ல வேலைக்காரன்தான், ஒரு வீட்டம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்துவிட்டான். லிஃப்ட் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பினேன். கதையிலும் நான் அப்படித்தான் இருக்கப் போகிறேன். யாருடைய குறையையும் தீர்க்காமல் பாதியில் விடப் போவதில்லை.

திருத்திய பிரதி இத்துடன்.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

நன்றாக இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் குமட்டுகிறது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

என் மேஜைக்கு வருகிற ஆட்களில் பாதிப் பேருக்குக் கடவுள் திறமையை அள்ளிக் கொடுத்திருக்கிறார். ஒரு வரியை வெட்டச் சொன்னால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு நாவலை ஏழு வருடம் எழுதுவார்கள். உனக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. வெட்டு என்றால் வெட்டுகிறாய், உட்கார் என்றால் உட்காருகிறாய். அந்தக் கிழவர் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பது என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இப்படியெல்லாம் ஒரு ஆள் எழுத்தாளன் ஆக முடியும் என்றால் இத்தனை வருடம் நான் எதை நம்பிக்கொண்டிருந்தேன்?

ஒன்று சொல்கிறேன். அம்மாவை எழுதாதே. எழுத வருகிற எல்லோரும் மூன்றாவது கதைக்கு அம்மாவிடம் வந்து நிற்பார்கள், நீயும் வருவாய். வராதே. அம்மா எட்டு மாதம் என் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்தாய், உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் போன மறுநாள் வந்து இறங்கினாய். ஒரு மணி நேரத்துக்குள் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று ஆளாளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தாய். பிறகு அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் தட்டி, "நல்லா மேனேஜ் பண்ணிட்ட" என்றாய். நீ கிளம்பியதும் குளியலறைக்குப் போய் அந்தத் தோளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்து எரிகிற வரைக்கும் தேய்த்தேன்.

ஜூன் 8

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது அம்மாவைப் பற்றிய கதை பாதி எழுதியாகிவிட்டது. பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. கோபப்படாமல் கடைசிவரை படி.

தோளில் தட்டியதை எழுதியிருக்கிறேன். அண்ணன் தட்டுகிறான், தங்கை குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். தண்ணீர் விழும் சத்தம் வெளியே இருக்கிற எல்லோருக்கும் கேட்கிறது. நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை என்பது உனக்கே புரியும். கடைசிப் பக்கத்தில் மட்டும் இருவரும் பேசுகிறார்கள்.

எங்கள் குடியிருப்பு ஆட்களுக்குப் படித்துக் காட்டினேன். அத்தனை பேரும் கடைசிப் பக்கத்தில் வட்டம் போட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் இரண்டு வட்டம் போட்டுவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். கேஷியர் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஒரு சின்னப் பதிப்பாளர் என் கதைகளைப் புத்தகமாகப் போடச் சம்மதித்திருக்கிறார், இதைக் கடைசிக் கதையாக வைக்க வேண்டும் என்கிறார். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. இந்த வயதில் எனக்கு ஒரு புத்தகம் வருகிறது, நினைத்துப் பார்.

சரி என்று ஒரு வரி போடு. அது போதும் எனக்கு.

அண்ணன்

ஜூன் 15

"விடுண்ணா. உன் வேலை அப்படி. நீ என்ன பண்ணுவ? அம்மாவுக்கு எல்லாம் தெரியும்."

உன் கடைசிப் பக்கத்தில் தங்கை சொல்கிற இதை நான் எப்போது சொன்னேன்? எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்? எப்போது உன் சட்டை நனைய அழுதேன்?

வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதினாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை. என் வாயிலிருந்து வராத மன்னிப்பை நீயே எழுதி, நீயே வாங்கிக்கொண்டு, ஆறு பேரைக் கூட்டி வைத்துப் படித்தும் காட்டியிருக்கிறாய். பல் டாக்டர் என் மன்னிப்புக்கு வட்டம் போட்டிருக்கிறார். கையெழுத்தைத் தானே போட்டான் என்று ஒரு மெக்கானிக்கின் வேலையைப் பறித்தாயே. அவனாவது லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டுத்தான் போட்டான்.

எதை நினைத்தால் எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது தெரியுமா? நன்றாக எழுதியிருக்கிறாய். குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தை நான்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது ஒரு நிமிடம் நானே அதை நம்பினேன். அப்படிச் சொல்லியிருப்பேனோ என்று யோசித்தேன். நாளைக்கு உன் புத்தகத்தைப் படிக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் நான் சொன்னதாகவே நினைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எனக்கு என் கோபம்கூட மிஞ்சாது.

அது அச்சுக்குப் போனால் எனக்கு அண்ணன் என்று யாரும் இல்லை.

ஜூன் 24

தங்கைக்கு,

இது கதை. நீ இத்தனை வருடம் பார்க்காத கதையா?

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் கதை அந்தரத்தில் நிற்கிறது. பதிப்பாளரும் அதையேதான் சொல்கிறார். நிஜத்தில் நீ என்னை மன்னிக்க வேண்டாம், நான் கேட்கவும் இல்லை. கதையிலாவது மன்னித்துவிட்டுப் போயேன். உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

அண்ணன்

ஆகஸ்ட் 5

அன்புள்ள தங்கைக்கு,

போன மாதம் நான் போட்ட இன்னொரு கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. நல்லவேளை. இதற்கு முந்தையதைவிட மோசமாக எழுதியிருந்தேன். திரும்பி வந்ததை நானே பிரித்துப் படித்தேன். யாரோ ஒரு மேலாளர் யாரோ ஒரு வேலையாளுக்கு எழுதியது போல இருந்தது.

புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் குதிக்கிறார், குதிக்கட்டும்.

கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அம்மா படுத்திருந்த எட்டு மாதத்தை உள்ளது உள்ளபடி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தினமும் அதே நேரத்துக்கு உட்கார்ந்தேன், பழக்கம் விடவில்லை. தங்கை போனை வைக்கிறாள் என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. வைத்த பிறகு அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். "மருந்து குடுத்தாச்சா? சாப்பிட்டாங்களா? தூங்கினாங்களா?" நீ "ஆச்சு, ஆச்சு" என்பாய். பழுது பார்க்கப் போனவனிடம் நான் கேட்கிற கேள்விகள் அவை. பிறகு போன் அம்மா கைக்குப் போகும். "நல்லா இருக்கேன்ப்பா, நீ வேலையைப் பாரு" என்பாள். குரல் கணீர் என்று இருக்கும். நான் நிம்மதியாக வைத்துவிட்டு, பேப்பர் படிக்கப் போய்விடுவேன். எட்டு மாதமும் அப்படித்தான்.

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் தெரிகிறது. ஒன்றுதான் கேட்கிறேன், கதைக்காக மட்டும் கேட்கவில்லை. நான் போனை வைத்த பிறகு அந்த அறையில் என்ன நடந்தது? சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால் கதை இப்படியே கிடந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணன்

ஆகஸ்ட் 21

அண்ணனுக்கு,

மன்னிக்கவில்லை. கேட்டாய், அதனால் சொல்கிறேன். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, வீட்டுக்காரர் உட்பட.

நீ போனை வைத்த பிறகு நடந்தது புரிய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே அம்மா ஆரம்பித்துவிடுவாள். "அவன் கூப்பிடுற நேரம் ஆயிடுச்சாடி?" மற்ற நாளில் உடம்பு துடைக்கவே விடமாட்டாள், என் கையைத் தள்ளிவிடுவாள். அன்றைக்கு மட்டும் எல்லாம் வேண்டும். முதுகுப் புண்ணைக் கழுவ வேண்டும். சீழும் ரத்தமும் துணியோடு ஒட்டிக்கொண்டு வரும், மூச்சை அடக்கிக்கொண்டு உரிப்பேன். விரிப்பை மாற்ற வேண்டும், வேறு நைட்டி போட வேண்டும், தலை வார வேண்டும். கடைசியில் முகத்துக்குப் பவுடர் கேட்பாள். "போன்லதானேம்மா பேசறான், மூஞ்சியா தெரியப் போகுது?" என்றேன் ஒருமுறை. "குரல்ல தெரிஞ்சிடும்டி" என்றாள்.

பிறகு நீ கூப்பிடுவாய். அந்தக் கணீர்க் குரல் எங்கிருந்துதான் வருமோ அவளுக்கு. வாரம் முழுக்க எனக்கு ஒரு நாள்கூட அந்தக் குரலைக் கொடுத்ததில்லை. நீ "நல்லா இருக்கீங்களா?" என்பாய், அவள் "நல்லா இருக்கேன்" என்பாள். உனக்கு வேண்டியதை அவள் கொடுத்துவிட்டாள். அவளை நான் எதற்குக் குறை சொல்ல?

நீ வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தட்டில் சாப்பாடு போட்டு எடுத்துக்கொண்டு போவேன். ஒரு வாய் வாங்குவாள், மென்று அதைத் தட்டிலேயே துப்புவாள். "போதும் போ. உன் கையைப் பார்த்தாலே பிடிக்கல." ஏன் என்று எனக்குத் தெரியும். வராதவன் மேல் கோபத்தைக் காட்ட முடியாது, அவனுக்குக் கணீர் குரல்தான் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவள் மேல் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னிடம் பேச மாட்டாள். எனக்கும் அந்த அறை பிடிக்காது, அந்த நாற்றம் பிடிக்காது. எல்லாவற்றையும்விட அந்தப் பவுடர் வாசனையைத்தான் தாங்க முடியாது. இன்றைக்கும் கடையில் யாராவது அதே பவுடரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் தள்ளி நின்றுகொள்கிறேன்.

கேட்டாய், சொல்லிவிட்டேன். இதில் உன் பல் டாக்டர் எங்கே வட்டம் போடுவார் என்று பார்க்கலாம்.

செப்டம்பர் 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்டு ஆரம்பித்ததை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் இருக்கிற பொய்யையும் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருந்தது.

கதையை எழுதி முடித்தேன். புத்தகம் வரவில்லை. "கடைசில யாருக்குமே ஒண்ணும் ஆகலையே சார், வாசகர் எதை எடுத்துட்டுப் போவாங்க?" என்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். குடியிருப்பு ஆட்களுக்குப் படித்துக் காட்டவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தையும் விட்டுவிட்டேன். உன் அண்ணி மட்டும் படித்தாள்.

கடைசி வரிகள் இவை: "அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது."

முழுப் பிரதியும் வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்.

அண்ணன்

செப்டம்பர் 22

அண்ணனுக்கு,

படித்தேன். இரண்டாம் பக்கத்தில் 'வேதனை' மூன்று இடத்தில் வருகிறது, மூன்றையும் எடு. அம்மா பவுடர் கேட்கிற இடத்தில் கை வைக்காதே. பதிப்பாளர் கிடக்கிறார்.

கடைசி வரி பொய். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகவில்லை. நீ பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து உன் போன் வருகிற வரைக்கும் எனக்கு ஒரு வாய் சாப்பிட நேரம் இருக்காது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொள்வேன். அம்மா துப்பியதை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை நான் சாப்பிடுவேன். கழுவியும் போகாமல் கையில் புண் மருந்தின் வாடை அடிக்கும். நான் மெல்லுவது அவளுக்குக் கேட்கும், திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அருவருப்பாக இல்லையா என்று கேட்பாய். இருந்தது. பசியும் இருந்தது.